கொல்லிமலைக்கு வந்த கொங்காணி

பேய் பிசாசு, கனவில் வந்து சொன்னது, காற்று அடித்தது என்று யாராவது பேச்செடுத்தால் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிற ஆள் நான். வீம்புக்காக இல்லை, என் தொழில் அப்படி. சிங்கப்பூரில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவன். சாரத்திலிருந்து ஒரு ஆள் விழுந்தால் ஏன் விழுந்தான் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பலகை கட்டியிருக்க மாட்டார்கள், பெல்ட் மாட்டியிருக்க மாட்டான், முந்தின நாள் தூங்கியிருக்க மாட்டான், ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். காரணமில்லாமல் நடந்த ஒன்றை அத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. என் மைத்துனனே கேட்டுவிட்டுச் சிரித்தான். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பிறகு, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுவிட்டுப் போன நிலத்தில் விவசாயம் பார்க்கிறேன். ஆனால் நாங்கள் குடியிருப்பது தஞ்சாவூரில், மகள் யாழினியின் பள்ளிக்கூடத்துக்காக எடுத்த வாடகை வீட்டில். நான்தான் தினமும் பைக்கில் வயலுக்குப் போய் வருவேன். என் மனைவி கவிதாவும் யாழினியும் பொங்கலுக்கு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனால் பெரிது. வயலில் யார் இறங்குகிறார்கள், யார் கரையேறுகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பின்னால் நான் சொல்வது விளங்காது.

யாழினி அப்போது மூன்றாம் வகுப்பு. மலை வரையச் சொன்னால் முக்கோணமாக வரைவாள், உச்சி ஊசி மாதிரி இருக்கும். நிஜமாகவே இப்படித்தான் இருக்குமா, ஏறி நின்றால் காலில் குத்தாதா என்று கேட்டாள். எங்கள் பக்கம் தரை தாம்பாளம் மாதிரி. உயரம் என்று கையைக் காட்டுவதற்குக் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும்தான் உண்டு. காலாண்டு லீவு விட்டதும் கொல்லிமலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அந்த லீவில்தான் சம்பா நடவும் வந்து சேர்ந்தது. எங்கள் வயலுக்கு நடவு ஆட்களைக் கூட்டி வருகிறவர் அஞ்சலையக்கா. ஐம்பதைத் தாண்டியவர், அப்பா காலத்திலிருந்தே எங்கள் சேற்றில் இறங்குகிறவர். அப்பா அவரை வாடி போடி என்பார். நான் அக்கா என்றும் வாங்க போங்க என்றும் சொல்லுவேன், அதோடு நான் செய்யவேண்டியது முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லீவு முடிந்து நட்டுக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. ஆனால் நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் போன் செய்தார். நாற்று முற்றிக்கொண்டு வருகிறது, ஆட்களுக்கு நாளைக்குத்தான் வேறு வேலை இல்லை, நாளைக்கே நட்டுவிடட்டுமா என்று கேட்டார். மழை இருக்கிறது என்று டிவியில் சொல்கிறார்களே என்றேன்.

“மழை எங்களுக்கு என்ன புதுசா தம்பி? நீங்க புள்ளயக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, நான் பாத்துக்குறேன்” என்றார்.

சரி என்றேன். அவ்வளவுதான். இதில் நான் செய்த தப்பு என்ன என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை, யாராயிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்தச் ‘சரி’ தொண்டையிலேயே நிற்கிறது.

விடியற்காலையில் காரில் கிளம்பி, திருச்சியைத் தாண்டி, முசிறி வழியாக அடிவாரத்துக்குப் போகும்போதே தூறல் பிடித்துவிட்டது. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருந்தார்கள். யாழினி சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், பாதி மலையில் எண்ணுவதை நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தாள். மேலே போனால் கோயிலைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை. மழையால் அருவிக்குப் போகும் படிக்கட்டை அடைத்திருந்தார்கள். பிள்ளையின் முகம் தொங்கிப்போய்விட்டது. கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை, அதை நடத்துகிறவர் பெயர் பெரியசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்தான் அவளைப் பார்த்து இரக்கப்பட்டு, கடைக்குப் பின்னால் மிளகுத் தோட்டத்து ஓரமாக ஒரு ஒற்றையடிப்பாதை போகிறது, ஏறினால் மேலே பாறை ஒன்று இருக்கிறது, அங்கே நின்றால் கீழே சமவெளி தெரியும் என்றார். மஞ்சு இறங்கினால் மட்டும் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள், பாறைக்கு அந்தப் பக்கம் சரிவு என்றும் சொன்னார். பனிமூட்டத்தை அங்கே மஞ்சு என்கிறார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து ஏறினோம். நன்றாகத்தான் இருந்தது. பலா மரங்கள், மரத்துக்கு மரம் சுற்றிக்கொண்டு போன மிளகுக் கொடி, ஈரமண் வாசம். யாழினி ஆட்டுக்குட்டி மாதிரி எங்களுக்கு முன்னால் ஓடினாள். பாறைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் மேகம் விலகி, கீழே வெயில் விழுந்த நிலம் தெரிந்தது. அவள் பாறையை மிதித்துப் பார்த்துவிட்டு, குத்தவே இல்லையேப்பா என்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை தூரம் போனோம்.

அப்புறம் மஞ்சு இறங்கியது. இறங்கியது என்றால், கீழேயிருந்து பொங்கி வந்தது. எதிரே நிற்கிற மரம்கூடத் தெரியவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. திரும்பி நடந்தோம், கவிதா முன்னால், நான் பின்னால். யாழினி என்னோடு இருக்கிறாள் என்று அவள் நினைத்தாள், அவளோடு இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு இடுப்புக் கயிறு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்த கை இது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் கவிதா நின்று திரும்பி, “பாப்பா எங்கங்க?” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கத்தினோம். பனிமூட்டத்தில் கத்தினால் குரல் எங்கும் போகாது, பஞ்சில் குத்தின மாதிரி அங்கேயே அமுங்கிவிடும். நான் பாறை வரைக்கும் திரும்ப ஏறினேன். சரிவின் ஓரத்தில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக் கீழே பார்த்தேன், வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. கவிதா பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை இழுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன், ஆள் சேர்த்துக்கொண்டு வரலாம் என்று.

கடைக்குப் பின்னால், பாதை தொடங்குகிற இடத்தில் இருக்கும் பலா மரத்தடியில் யாழினி நின்றுகொண்டிருந்தாள்.

அழவில்லை. தலைமேல் உரச்சாக்கு. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துவிட்டால் குல்லாய் மாதிரி தலையில் நின்று முதுகு முழுவதும் மூடும், மழைக்கு எங்கள் பக்கம் வயல் வேலைக்காரர்கள் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள், கொங்காணி என்போம். அது அவளுக்குக் கணுக்கால் வரை தொங்கியது. உள்ளே அவள் சட்டை காய்ந்திருந்தது. நம்பினால் நம்புங்கள், அந்த மழையில் தலைமுடிகூட நனையவில்லை.

யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்டேன். ஒரு அம்மா என்றாள். எந்த அம்மா, எங்கே என்று கேட்டால், இப்போதுதான் போனார்கள் என்று பாதையைக் காட்டினாள். நாங்கள் அந்தப் பாதையில்தான் ஓடி வந்தோம். எதிரில் யாரும் வரவில்லை.

“பாறைக்கிட்ட தெரியாம அந்தப் பக்கம் போயிட்டேம்ப்பா. அந்த அம்மா வந்து நில்லுன்னாங்க. அவங்க கால் வெச்ச எடத்துலயே நானும் கால் வெக்கணும்னாங்க. அப்புறம் குனிஞ்சுகிட்டே பின்னாடி பின்னாடி நடந்தாங்க.”

பின்னால் நடந்தார்களா என்று கேட்டேன். ஆமாம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முழங்கால் வரைக்கும் ஒரே சேறு என்றாள்.

பெரியசாமியிடம் நன்றி சொல்லி, உங்கள் ஊர்ப் பெண் யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள், யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்றேன். அவர் சாக்கின் ஓரத்தில் அப்பியிருந்த சேற்றை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். இந்த மழையில் இங்கே எந்தப் பெண்ணும் தோட்டத்துக்குப் போக மாட்டார்கள் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “இது நம்ம மலை மண்ணு இல்லீங்களே” என்றார். அங்கே மண் செம்மண். அவர் விரலில் இருந்தது கருப்பு.

கவிதா மலையில் இருக்கும் அம்மன்தான் வந்தாள் என்று கைகூப்பினாள். தங்குவதாக இருந்தோம், தங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக் காரில் போட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவிட்டேன். சாக்கு டிக்கியில் கிடந்தது. அதை அந்த அம்மாவிடம் கொடுக்காமல் வந்துவிட்டோமே, அவர் எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்று யாழினிதான் கேட்டாள்.

மறுநாள் காலையில் ராணியின் போன் வந்தது. ராணி அஞ்சலையக்காவின் மருமகள், நடவிலும் கூடவே நிற்கிறவள். அத்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, நடுக்கம் நிற்கவில்லை, ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை, கார் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். உடனே போனேன். அஞ்சலையக்காவைப் பின் சீட்டில் படுக்கவைத்தோம். இரண்டு போர்வைக்குள் இருந்தும் பல் அடித்துக்கொண்டிருந்தது. மாற்றுத்துணிப் பையை வைப்பதற்காக ராணி டிக்கியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“இந்தச் சாக்கு எப்படிண்ணே ஒங்ககிட்ட வந்துச்சு?”

ஏன் என்று கேட்டேன். கழுத்தில் முடிந்துகொள்வதற்காகச் சாக்கின் இரண்டு ஓரத்திலும் சிவப்புச் சேலைக்கரையைக் கிழித்துத் தைத்திருந்தது, அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் அந்தக் கரையைப் பிடித்துக் காட்டினாள். “இது என் சீலக்கரை. நான்தான் அத்தைக்குத் தைச்சுக் குடுத்தேன்.”

தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ராணி சொல்லிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் மதியத்துக்கு மேல், நல்ல மழையில், வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்களாம். திடீரென்று அத்தை நிமிர்ந்து வாயு மூலைப் பக்கம், அதாவது வடமேற்கே, பார்த்துக்கொண்டு நின்றாராம். கூப்பிட்டால் பதில் இல்லை. தலையிலிருந்த கொங்காணியைக் கழற்றி, எதிரில் ஆள் நிற்பது மாதிரி கையை நீட்டினாராம். அப்புறம் குனிந்து, கையில் நாற்று இல்லாமலேயே, பின்னால் அடிவைத்து அடிவைத்து வரப்பு வரைக்கும் போனாராம். நடவு நடுகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள், நட்டதை மிதிக்காமல் பின்னால் பின்னால். அது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம்தான், அப்படியும் மலையில் யாழினி சொன்னபோது உறைக்கவில்லை. வரப்பில் ரொம்ப நேரம் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம். கேட்டதற்கு, தலையைச் சுற்றியது என்றாராம். சாக்கை எல்லோரும் தேடினார்களாம். வாய்க்காலில் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்களாம்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ராணி பயந்துபோய் என்னண்ணே என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

காய்ச்சல் நுரையீரல் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். கொஞ்சம் தெளிந்த பிறகு யாழினியைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே போகிறோம், யாரைப் பார்க்கப் போகிறோம் என்று எதையும் சொல்லவில்லை. வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் பெண்கள். அவள் என் கையை விட்டுவிட்டு நேராக அஞ்சலையக்காவின் கட்டிலுக்குப் போய் நின்றாள். நீங்கள் மலையிலிருந்து எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள்.

அஞ்சலையக்கா என்னைப் பார்த்தார். நடந்ததை நான் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியாதே தம்பி. நான் திருச்சியத் தாண்டுனதில்ல” என்றார். பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஆனா குளுருச்சு. மழையில நனையாதவளா நான், அப்படி ஒரு குளுரு பாத்ததில்ல. புள்ள நல்லாருக்குல்ல, அது போதும்” என்றார்.

யாழினியின் தலையைத் தடவிக் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எத்தனை வருட மழை அந்த உடம்பில் எங்களுக்காக இறங்கியிருக்கும், அன்றைக்கும் என் வயலில்தான் நின்றிருந்தார், அங்கேயும் என் பிள்ளைக்காகத்தான் நின்றார். சாக்கை இரண்டு இடத்தில் போட்டுக்கொள்ள முடியாது. என் பிள்ளை காய்ந்து வந்தாள், அவர் நனைந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், எனக்குத் தெரியாதே என்கிறவரிடம் எதற்கு என்று சொல்வது? ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பிழைத்து வந்துவிட்டார். ஆனால் பழைய உடம்பு இல்லை, நடவுக்கு இறங்குவதில்லை. சாக்கைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் அவருக்கு வந்தது. மழை பிடித்தால் வீட்டில் இருக்க மாட்டார். அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய் வடமேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். தலையில் போட்டுக்கொள்ள மாட்டார், கையில் வைத்துக்கொண்டு நனைவார். ராணி போய் இழுத்துக்கொண்டு வருவாள். ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். தெரியவில்லை, காதில் ஒரு பிள்ளை அழுகிற மாதிரி இருக்கிறது என்றார். காய்ச்சல் கண்டதால் காதில் வந்த கோளாறு என்று டாக்டரிடம் காட்டினேன். காதில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது தப்பி வந்த ஒரு மழை. நாங்கள் காரில் உட்கார்ந்திருந்தோம். அஞ்சலையக்கா சாக்கோடு கரையில் நிற்பதை யாழினி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

“அந்தப் பாப்பாவக் கூட்டிட்டு வரப் போறாங்களாப்பா?”

எந்தப் பாப்பா என்று கேட்டேன். பாறைக்கு அந்தப் பக்கம் தன்னோடு இன்னொரு பாப்பா உட்கார்ந்திருந்தாளாம். தன்னைவிடச் சின்னவளாம், காலில் செருப்பு இல்லையாம், அழுதுகொண்டே இருந்தாளாம். அந்த அம்மாவிடம் ஒரே ஒரு சாக்குதான் இருந்ததாம். இரு, இவளை விட்டுவிட்டு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அந்தப் பாப்பாவிடம் சொன்னார்களாம்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

உண்மைதான். விபத்து நடந்த இடத்தில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்பதுதான். அன்றைக்கு என் பிள்ளை கிடைத்ததும் காரைத் திருப்பிவிட்டேன்.

மறுநாளே தனியாகக் கொல்லிமலைக்குப் போனேன். பெரியசாமியைக் கூட்டிக்கொண்டு, வெயில் அடிக்கும் நேரத்தில், கயிறு கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கித் தேடினேன். புல்லும் கல்லும்தான். காவல் நிலையத்தில் கேட்டோம், சுற்றியிருக்கும் ஊர்களிலும் கேட்டோம். அந்த நாளில் என்றில்லை, அந்த வருடத்திலேயே எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை என்றார்கள். அப்படியானால் அங்கே யாரும் இல்லை, சின்னப் பிள்ளை பயத்தில் எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் இப்படித்தான் முடித்திருப்பேன். பேய் பிசாசு எதுவும் கிடையாது என்று பேசிய நான், அது பேயாகவே இருந்துவிடட்டும், உயிருள்ள பிள்ளையாக மட்டும் இருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன், சிரிக்காதீர்கள்.

போன வாரம் கோடை மழை. நான் வயலில் இருந்தேன். அஞ்சலையக்கா கரைக்குப் போகவில்லை. வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சாக்கு மடித்தபடி மடியில் இருந்தது. இன்றைக்குப் போகவில்லையா அக்கா என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. இன்னிக்கு அது அழுவல” என்றார்.

நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் வந்துவிட்டேன்.